சீனர்களின் மண்ணீரல் வேறு

சீன மருத்துவர் "மண்ணீரலில் சீ குறைவு" என்று சொன்னால், மண்ணீரல் கெட்டுவிட்டதோ என்று பதற வேண்டாம். அவர்கள் சொல்லும் மண்ணீரல், உண்ட உணவை உடலுக்கு வலுவாக மாற்றும் வேலைக்கான பெயர். பசியின்மை, வயிற்று உப்புசம், இளகிய மலம், தீராத அசதி ஆகியவை அந்தக் குறைவின் அடையாளங்கள்.

1232இல் முற்றுகைக்குள்ளான கைஃபெங் நகரில் பட்டினியாலும் களைப்பாலும் மக்கள் நோயுற்று மடிந்ததைக் கண்டவர் லி தோங்யுவான். மண்ணீரலும் இரைப்பையும் நலிந்தால் நோய்கள் பிறக்கும் என்று தனி நூலே எழுதினார். அந்தக் கவனிப்பை நான் மதிக்கிறேன்.

ஆனால், ரத்தசோகையும் தைராய்டு குறைபாடும்கூட இதே அசதியைத் தரும். நாடி பார்த்து அதைப் பிரித்தறிய முடியாது. ஜின்செங் கஷாயம் குடிப்பது உங்கள் விருப்பம். அதற்கு முன் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்பதே என் கருத்து.