வெயிலுக்கு ஒரு குதிர்

சூரியன் கூலி கேட்பதில்லை. நிலக்கரியைத் தோண்ட ஆள் வேண்டும். சுமந்து வர ரயில் வேண்டும். வெயிலோ தானாகவே வாசலுக்கு வந்து விடுகிறது!

ராமநாதபுரம் மாவட்டம் கமுதி அருகே 2016-ம் ஆண்டில் பெரிய சூரிய மின்நிலையம் ஒன்று அமைந்தது. அதன் திறன் 648 மெகாவாட். மழையை எதிர்பார்த்துக் கிடந்த சீமையில் வெயிலே விளைச்சல் ஆயிற்று. 2025-ம் ஆண்டு ஜனவரியில், இந்தியாவின் சூரிய மின்திறன் 1 லட்சம் மெகாவாட்டைத் தாண்டியது.

மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது.

சூரிய மின்சாரம் குவிவது நண்பகலில். வீடுதோறும் விளக்கு எரிவதும், பிள்ளைகள் படிக்க உட்காருவதும் இருட்டிய பிறகு. அப்போது சூரியன் இல்லை! நிலக்கரியைத்தான் பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது. பகலில் மின்சாரம் மிஞ்சினாலோ, சில வேளைகளில் சூரிய மின்நிலையங்களின் உற்பத்தியையே குறைக்க வேண்டி வருகிறது.

அறுத்த நெல்லை அன்றே தின்று தீர்ப்பார் உண்டா? குதிரில் கொட்டி வைத்து, ஆண்டு முழுவதும் எடுத்துச் சமைக்கிறோம். மின்சாரத்துக்கும் அப்படி ஒரு குதிர் வேண்டும்.

ஒரு குதிர், பாட்டரி. அதன் விலை முன்னைவிட வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனால் அதற்கு வேண்டிய லித்தியத்துக்கு வெளிநாட்டைத்தான் நம்பியிருக்கிறோம்.

இன்னொரு குதிர், தண்ணீர். கோவை மாவட்டம் காடம்பாறையில் மலைக்குள் குடைந்த மின்நிலையம் ஒன்று உண்டு. அதில் 4 எந்திரங்கள். மொத்தம் 400 மெகாவாட். மின்சாரம் மிஞ்சும்போது, கீழே உள்ள தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றலாம். தேவை வரும்போது திறந்து விட்டால், அது பாய்ந்து வந்து மின்சாரம் தரும். ஒரே தண்ணீர் திரும்பத் திரும்ப உழைக்கும்!

இதில் ஏறக்குறைய கால் பங்கு மின்சாரம் நட்டமாகும். முழுவதும் வீணாவதைவிட, முக்கால் பங்கு கைக்கு வருவது மேல் அல்லவா?

புதிய சூரிய மின்நிலையம் அமைக்கும்போதே, சேமிக்கும் வழியையும் அரசு சேர்த்துத் திட்டமிட வேண்டும். காட்டுக்குக் கேடு வராத இடமாகப் பார்த்து நீரேற்று நிலையங்களை அமைக்க வேண்டும்.

மக்களுக்கும் பங்கு உண்டு. தண்ணீர் மோட்டாரையும் துணி துவைக்கும் எந்திரத்தையும் நண்பகலில் ஓட்டலாம். அந்த அளவுக்கு மாலை நேரச் சுமை குறையும்.

அறுவடை அமோகம். குதிரை உடனே கட்டுவோம்!