காணும் ஆசையும் காக்கும் கடமையும்

விடுமுறை நெருங்கிவிட்டால் நம் மன்றத்தில் சுற்றுலாப் பேச்சு எழுவது இயல்பு. இவ்வாண்டு எழுந்திருக்கும் பேச்சு சற்றுப் புதுமையானது. பத்துப் பேர் சேர்ந்து ஒரு படகை அமர்த்திக்கொண்டு, கடலுள் சென்று, திமிங்கலச் சுறாவுடன் நீந்தி வரவேண்டும் என்கின்றனர் நண்பர் சிலர். வெளிநாடுகளில் இது பெருந்தொழிலாக வளர்ந்திருக்கிறது; நம் நாட்டுக் கடலிலும் வளர வேண்டும் என்பது அவர்கள் வாதம். அவர்களது ஆர்வத்தை நான் பழிக்கவில்லை. ஆயினும் நீரில் குதிக்குமுன் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு.

திமிங்கலச் சுறா பெயரளவில்தான் திமிங்கலம். உண்மையில் அது மீன். உலகத்து மீன்கள் அனைத்திலும் பெரியது. 12 மீட்டருக்கு மேலும் வளரக்கூடியது. அவ்வளவு பெரிய உடலை வளர்ப்பவை நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களும் சிறு மீன்களுமே. வாயை அகலத் திறந்து நீரை உள்வாங்கி, செவுள் வழியே வடித்து உண்ணும். மனிதரைத் தாக்கும் இயல்பு அதற்கு இல்லை. அந்தச் சாதுத்தன்மையே அதற்கு எமனாக முடிந்தது.

குஜராத்தின் வெராவல் முதலிய துறைகளில், சென்ற நூற்றாண்டின் இறுதியில், இம்மீன் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டது. அதன் கல்லீரல் எண்ணெய் படகுப் பலகைக்குப் பூசப்பட்டது, இறைச்சி ஏற்றுமதியாயிற்று. வேட்டையில் பீப்பாய்களைப் பயன்படுத்தியதால் மீனுக்கே 'பேரல்' என்று பெயர் வழங்கிற்று. கொல்லும் கருவியின் பெயரே கொல்லப்படும் உயிருக்கும் பெயரான கொடுமை வேறெங்கேனும் உண்டா? மைக் பாண்டே எடுத்த ஆவணப்படம் 2000-இல் இதை உலகறியச் செய்தது. 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் திமிங்கலச் சுறா இடம்பெற்றது. அச்சட்டத்தின் காவலைப் பெற்ற முதல் மீன் இதுவே.

சட்டம் வந்தது, ஆனால் மனம் மாற வேண்டாமா? 2004-இல் இந்திய வனவிலங்கு அறக்கட்டளை, குஜராத் வனத்துறை, டாட்டா கெமிக்கல்ஸ் ஆகியவை சேர்ந்து ஓர் இயக்கத்தைத் தொடங்கின. இராமகதை சொல்லும் மொராரி பாபு மீனவரிடம் சென்று, "இது பேறுகாலத்திற்குத் தாய்வீடு வரும் மகள்" என்னும் கருத்தை எடுத்துரைத்தார். 'பேரல்' மறைந்து, 'அன்புக்குரியவள்' எனப் பொருள்படும் 'வஹாலி' என்ற பெயர் பிறந்தது. அதன்பின், வலையில் திமிங்கலச் சுறா சிக்கினால் மீனவரே தம் வலையை அறுத்து அதனை விடுவிக்கலாயினர். அறுந்த வலைக்கு அரசு உதவித்தொகை வழங்குகிறது. எனினும் அன்றைய மீன்பிடிப்பு போனது போனதுதானே!

"கண்ணால் கண்டால்தான் அன்பு பிறக்கும், ஆகவே சுற்றுலா நல்லது" என்பார் உண்டு. அவரை ஒன்று கேட்கிறேன். வெராவல் மீனவர் நாள்தோறும் அதைக் கண்டவர் அல்லரோ? கண்டும் கொன்றனர். மகள் என்று உணர்ந்த பின்பே காத்தனர். அன்பைப் பிறப்பித்தது காட்சி அன்று, உறவு. பேறுகாலத்திற்கு வந்த மகளைச் சுற்றி ஊரைக் கூட்டி வேடிக்கை காட்டும் தாய் உண்டோ?

பிலிப்பைன்சின் ஆஸ்லாப் என்ற ஊரில் கூனிறாலை இரையாக இட்டு இம்மீன்களைப் படகருகே வரவழைக்கின்றனர். இரைக்குப் பழகிய சில மீன்கள் வலசை மறந்து அங்கேயே நெடுநாள் தங்கிவிடுகின்றன. படகை நாடிச் சென்று காயமும் படுகின்றன. ஆஸ்திரேலியாவின் நிங்களூவிலோ இரை இடுவதில்லை. ஒரு மீனருகே ஒரே நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் நீரில் இறங்கலாகாது, 3 மீட்டருக்கு மேல் நெருங்கலாகாது, தொடவே கூடாது. முன்னது ஆசையின் வழி. பின்னது உறவின் வழி. நம் கடலில் இத்தொழில் வருமாயின் பின்னதைப் போலவே வரவேண்டும். இல்லையேல் வராதிருப்பதே நன்று.

அந்தக் கட்டுப்பாடு நமக்கு உண்டா என்று சோதித்துப் பார்க்கக் கடலுக்குப் போகவேண்டியதில்லை. கல்கத்தாவின் வாயிலில் ஊக்ளி ஓடுகிறது. அதில் வங்காளியர் 'சுசுக்' என்றழைக்கும் கங்கை டால்பின் வாழ்கிறது. இக்கரையில் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த ராக்ஸ்பர்க் 1801-இல் அதனை அறிவியல் உலகுக்கு விவரித்தார். 2009-இல் அது நம் நாட்டின் தேசிய நீர்வாழ் விலங்கு என அறிவிக்கப்பட்டது. 2025-இல் வெளியான கணக்கெடுப்பின்படி இந்திய ஆறுகளில் எஞ்சியுள்ளவை ஏறத்தாழ 6,300 மட்டுமே. அதற்குக் கண்பார்வை இல்லையென்றே சொல்லலாம். தான் எழுப்பும் ஒலியின் எதிரொலியைக் கேட்டே வழியும் இரையும் அறிகிறது. செவியே கண்ணாக வாழும் உயிரின் அருகே இயந்திரப் படகின் இரைச்சல், நம் கண்ணில் மண்ணைத் தூவுவது போன்றதன்றோ?

ஆகவே என் கருத்து இது. இவ்விடுமுறையில் மன்றத்தார் காட்வா பக்கம் சென்று, துடுப்புப் படகொன்றை அமர்த்தி, ஆற்றில் ஒரு மணி நேரம் அமைதியாக அமர்ந்து வருவோம். பாட்டு வேண்டாம்; கைதட்டல் வேண்டாம்; துரத்தலும் வேண்டாம். சுசுக் தானாக எழுந்து மூச்சு விட்டால் காண்போம், எழாவிட்டால் திரும்புவோம். வெறுங்கையோடு திரும்பவும் முகம் சுளிக்காதவர் எவரோ, அவர் திமிங்கலச் சுறாவைக் காணப் போகலாம். மற்றவர் கரையிலேயே இருப்பது மீனுக்கும் நல்லது, அதற்காக வலையை அறுத்த மீனவருக்குச் செய்யும் மரியாதையும் ஆகும்.