சீக்கிரம் போனவர் ஏமாளி இல்லை

மீனம்பாக்கத்தில் பன்னாட்டு முனையத்தின் வாசலுக்கு இரவு எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். அதிகாலை இரண்டு மணி விமானத்துக்காக ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்திருக்கும். கயிறு கட்டிய அட்டைப் பெட்டி, அதன்மேல் பட்டை எழுத்தில் ஒரு பெயர், ஒரு கைபேசி எண், தம்மாம் என்றோ ஷார்ஜா என்றோ ஓர் ஊர். அம்மா புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருப்பார். காரிலிருந்து இறங்கி உருளைப் பெட்டியை இழுத்துக்கொண்டு போகிற சிலர் அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள். பாவம், விவரம் தெரியாமல் இத்தனை சீக்கிரம் வந்துவிட்டார்கள் என்று சொல்லும் பார்வை அது.

அந்தப் பார்வையைத்தான் நான் கண்டிக்கிறேன். அதற்குப் பின்னால் நம்மிடம் ஊறிப்போன ஒரு நம்பிக்கை இருக்கிறது. பழகியவர் கடைசி நேரத்தில் போய் ஏறுவார், முன்னதாகப் போய்க் காத்துக் கிடப்பவர் பட்டிக்காட்டான் என்ற நம்பிக்கை. படித்த வீடுகளில் இதைப் பெருமையாகவே சொல்கிறார்கள். "ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது, நிதானமாக நடந்துபோய் ஏறினேன்" என்று ஒருவர் சொன்னால் கேட்பவர் வியக்கிறார். வியப்போடு நின்றால் யாருக்கும் கெடுதல் இல்லை. அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டு இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஒருவர் வேன் பிடிக்கிறார். அடி அவர் தலையில் விழுகிறது.

என் அக்கா மகன் முதல்முறை வளைகுடாவுக்குக் கிளம்பியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊர் சின்னசேலம் பக்கம். விமானம் நள்ளிரவு 12.55-க்கு. மாலை 4.30 முதல் 6 வரை ராகுகாலம் என்பதால் மூன்று மணிக்கே கிளம்பிவிடலாம் என்று பேச்சு வந்தது. பல வருடம் வெளிநாட்டில் இருந்து திரும்பிய உறவினர் ஒருவர் சிரித்தார். "அங்கே போய் அஞ்சு மணி நேரம் என்ன மாப்ளே பண்ணுவே? ராகுகாலம் கழிச்சு ஆறு மணிக்குக் கிளம்பு. பதினோரு மணிக்கு வாசல்ல நிப்பே." நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். "ஒரு மணி ஃப்ளைட்டுதானே மாமா" என்று என்னிடம் அவனும் தைரியமாகச் சொன்னான்.

திண்டிவனம் வரை வண்டி நன்றாக வந்தது. மதுராந்தகம் தாண்டியதும் முன்னால் சிவப்பு விளக்குகள். வார விடுமுறைக்கு ஊருக்குப் போனவர்கள் மொத்தமாகச் சென்னை திரும்பும் ஞாயிறு இரவு அது. பரனூர் சுங்கச்சாவடியில் நின்றோம். கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், வண்டலூர், பெருங்களத்தூர் என்று ஊருக்கு ஊர் நின்றோம். முனையத்தின் வாசலில் இறங்கியபோது மணி 12.10. விமானம் கிளம்ப இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. கவுன்ட்டரை 11.55-க்கே மூடிவிட்டார்கள். உள்ளே போன பையன் கொஞ்ச நேரத்தில் அதே பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கால் மணி நேரம்தானே, விமானம் அங்கேதானே நிற்கிறது, ஒரு ஆளை ஏற்றிக்கொண்டால் என்ன? அன்று இரவு நாங்கள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி இது. பேருந்தில் கேட்டால் நியாயமான கேள்விதான். விமானத்தில் இதற்கு ஒரு கனத்த விடை உண்டு.

1985 ஜூன் மாதம் கனடாவின் வான்கூவரில் ஒருவர் பெட்டியை ஒப்படைத்தார். ஆள் விமானம் ஏறவில்லை. பெட்டி மட்டும் டொரன்டோ போய், அங்கிருந்து ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானத்தில் ஏறியது. ஜூன் 23 அன்று அயர்லாந்துக் கடலோரத்துக்கு அப்பால் அது நடுவானில் வெடித்தது. 329 பேர் இறந்தார்கள். மூன்று ஆண்டு கழித்து, 1988 டிசம்பரில், ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊர்மேல் ஒரு பான் ஆம் விமானம் சிதறி விழுந்து 270 பேர் மாண்டதற்கும் ஆள் இல்லாமல் போன பெட்டிதான் காரணம். ஆள் ஏறாமல் பெட்டி பறக்கக் கூடாது என்பது அதன்பிறகு உலகம் முழுவதும் இறுகிப்போன விதி. கவுன்ட்டரில் கொடுக்கும் ஒவ்வொரு பெட்டியையும் ஊடுகதிரில் பார்க்க வேண்டும், ஆளோடு ஒப்பிட வேண்டும், விமானத்தின் வயிற்றுப் பகுதியில் அடுக்க வேண்டும். பயணி வாயிலுக்கு வரவில்லையென்றால் அவர் பெட்டியைத் தேடி எடுத்து இறக்க வேண்டும். மொத்த எடை தெரிந்தால்தான் விமானி எடைக் கணக்கில் கையெழுத்துப் போடுவார். இத்தனைக்கும் நேரம் வேண்டும் என்பதால்தான் பெரும்பாலான நிறுவனங்கள் பன்னாட்டு விமானத்துக்கு 60 நிமிடம் முன்பும், சில 75 நிமிடம் முன்பும் கவுன்ட்டரை மூடுகின்றன. ஏறும் வாயில் 20, 25 நிமிடம் முன்பே அடைபடும். மூடிய கவுன்ட்டருக்கு எதிரில் நின்று அழும் தாயைப் பார்த்து அந்த ஊழியருக்கும் மனம் கலங்கலாம். மூடியது மூடியதுதான்.

ஆக, டிக்கெட்டில் இருக்கும் நேரம் பயணிக்கான நேரமே இல்லை. அது விமானம் நின்ற இடத்தைவிட்டு நகரும் நேரம். பயணிக்குக் கெடு வேறு: கவுன்ட்டர் மூடும் மணி. டிக்கெட்டில் பெரிய எழுத்தில் இருப்பது முதலாவது. இரண்டாவது, இருந்தால், கீழே பொடி எழுத்தில் நிபந்தனைகளுக்கு நடுவில் இருக்கும். மூன்று மணி நேரம் முன்னால் வரச் சொல்கிறார்களே, அந்த மூன்றில் ஒரு மணி நேரம் இப்படியே கழிந்துவிடுகிறது. மிச்சம் இரண்டு. அதுவும் முனைய வாசலில் இறங்கிய நிமிடத்திலிருந்து. வீட்டு வாசலிலிருந்து எண்ணுகிறவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அந்த இரண்டு மணி நேரமும் எல்லோருக்கும் ஒரே நீளமா என்றால், அதுவும் இல்லை. பெருமை பேசுகிறவர் இதைத்தான் மறந்துவிடுகிறார். கைப்பை ஒன்றோடு வருகிறவருக்குப் பல சமயம் கவுன்ட்டரே தேவைப்படாது. முன்பதிவு செய்து விரல் ரேகை கொடுத்தவர்களுக்கு இமிக்ரேஷனில் தானியங்கிக் கதவு இருக்கிறது. 2024-இல் டெல்லியில் தொடங்கிய அந்த விரைவு வழி 2025 ஜனவரியில் சென்னைக்கும் வந்தது. அடிக்கடி பறப்பவர் அதில் நொடியில் போய்விடுவார். இந்தப் பக்கம், பத்தாம் வகுப்பு முடிக்காத கட்டடத் தொழிலாளியின் பாஸ்போர்ட்டில் குடியகல்வுச் சோதனை தேவை என்ற குறிப்பு இருக்கும். 1983-ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டப்படி, அவர் குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போனால் தனி அனுமதி வேண்டும். அதிகாரி அந்தத் தாளைப் பார்ப்பார், விசாவைப் பார்ப்பார், யாரிடம் வேலை, எவ்வளவு சம்பளம் என்று கேட்பார். அவரைப் பாதுகாக்க வந்த ஏற்பாடு அது, நான் குறை சொல்லவில்லை. நேரம் எடுக்கும் என்கிறேன். முதல்முறை பறப்பவர் பெல்ட்டைக் கழற்றச் சொன்னால் திகைப்பார், அடுத்து எங்கே போவது என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார். அவரையும் தானியங்கிக் கதவுக்காரரையும் ஒரே கடிகாரத்தால் அளந்துவிட்டு, ஒருவரைக் கெட்டிக்காரர் என்றும் மற்றவரை ஏமாளி என்றும் சொல்வது அநியாயம்.

வெப் செக்-இன் செய்துவிட்டோம், இனி மெதுவாகப் போகலாம் என்பதும் இந்த நம்பிக்கையின் கிளைதான். இருக்கை எண் கையில் இருக்கலாம். முப்பது கிலோ பெட்டியை ஒப்படைக்கும் இடம் மூடிவிட்டால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பொருளாதாரத்துக்கு 1982-இல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஸ்டிக்லர் சொன்னதாக ஒரு கருத்து படித்தவர்களிடையே உலவுகிறது. வாழ்நாளில் ஒரு விமானத்தையும் தவறவிடாதவர் விமான நிலையங்களில் தேவைக்கு மேல் நேரத்தைச் செலவழித்திருக்கிறார் என்பது அதன் சாரம். கணக்கு சரிதான், தவறவிட்டால் வரும் நட்டம் சிறியதாக இருக்கும்வரை. சம்பளத்தோடு போகிற பேராசிரியருக்கு அடுத்த விமானத்தில் இடம் கிடைக்கும், கருத்தரங்கில் ஒரு வேளை உரை போகும். என் அக்கா மகனுக்குப் போனது என்ன என்று எண்ணிப் பார்க்கிறேன். டிக்கெட்டின் அடிப்படைக் கட்டணம் முழுவதும் போனது. போக வர எடுத்த டிக்கெட்டாக இருந்தால் முதல் பயணத்துக்கு வராதவரின் திரும்பும் பயணத்தையும் பெரும்பாலும் ரத்து செய்துவிடுவார்கள். ஏறாமல் போனாலும் வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்று இந்திய விமானப் போக்குவரத்து விதி சொல்கிறது. அது எங்களுக்கு அன்று தெரியாது, கேட்கவும் இல்லை. வேலைக்கான நுழைவு அனுமதிக்கு நாள் கணக்கு உண்டு, அமீரகத்தில் அது 60 நாள். மருத்துவச் சோதனை, சான்றிதழ் முத்திரை என்று அலைந்ததில் அவனுக்கு அதில் பெரும்பகுதி கழிந்திருந்தது. கம்பெனியில் என்ன சொல்வார்களோ என்ற பயம் வேறு. புது டிக்கெட்டுக்கு அக்காவின் இரண்டு வளையல் அடகுக்கடைக்குப் போயின. இழப்பு இத்தனை பெரியதாக இருக்கும்போது ஐந்து மணி நேரக் காத்திருப்பு மிக மலிவான காப்பீடு. வாசலில் உட்கார்ந்திருக்கும் அந்தக் குடும்பம் போட்ட கணக்கு ஸ்டிக்லரின் கணக்கேதான். அவர்கள் இழப்பை அவர்களே எடை போட்டிருக்கிறார்கள்.

இன்னொரு மயக்கம் நம் நாள் கணக்கிலேயே இருக்கிறது. நமக்கு விடிந்தால்தான் மறுநாள். பஞ்சாங்கமும் சூரிய உதயத்திலிருந்தே நாளை எண்ணுகிறது. செவ்வாய் இரவு ஒரு மணி என்றால் நம் வாயில் அது செவ்வாய் ராத்திரிதான். டிக்கெட்டில் அது புதன்கிழமை, 01.00. வளைகுடா விமானங்களில் பல நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில் கிளம்புகின்றன. புதன் இரவு சாப்பிட்டுவிட்டுப் பெட்டியோடு போய் நிற்கிறவருக்கு, விமானம் நேற்று ராத்திரியே போய்விட்டது என்று சொல்கிறார்கள். இப்படி ஏமாந்தவரைப் படிக்காதவர் என்று ஒதுக்குவது எளிது. அவர் தன் மொழியில் சரியாகத்தான் எண்ணினார்.

ராகுகாலத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்று நடந்ததற்கு அதன்மேல் பழி போட்டவர்கள் எங்கள் வீட்டிலேயே உண்டு. நம் பெரியவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். நல்ல நேரத்தில் பயண மூட்டையை எடுத்துப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவார்கள். பரஸ்தானம் என்று பெயர். அதன்பின் வண்டி எப்போது வருகிறதோ அப்போது கிளம்பலாம். நேரம் பார்த்ததால் நாங்கள் தவறவில்லை. மூன்று மணிக்குக் கிளம்பியிருந்தால் ராகுகாலமும் குறுக்கிட்டிருக்காது, நெரிசலும் குறுக்கிட்டிருக்காது. சீக்கிரம் போவது கேவலம் என்று ஒருவர் சிரித்தார், அந்தச் சிரிப்புக்கு நாங்கள் கட்டுப்பட்டோம். அதுதான் தவறு.

எல்லோரும் முன்னதாக வந்தால் கூட்டம் நெரியுமே என்று கேட்பார்கள். நெரியும். 2022 கோடையில் ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிப்பால் நிலையத்தில் ஊழியர் பற்றாக்குறையால் வரிசை கட்டடத்துக்கு வெளியே நீண்டது. பயந்தவர்கள் இன்னும் சீக்கிரம் வந்தார்கள். நான்கு மணி நேரத்துக்கு முன்னால் வராதீர்கள் என்று நிலையமே சொல்ல வேண்டியதாயிற்று. ஆனால் வெளியூர்க்காரர் நினைத்த நேரத்துக்கு வந்து இறங்க அவரிடம் என்ன இருக்கிறது? 2023 டிசம்பர் 30-க்குப் பிறகு தென் மாவட்டப் பேருந்துகள் கிளாம்பாக்கத்தில் நின்றுவிடுகின்றன, அங்கே இன்னொரு வண்டி மாற வேண்டும். மெட்ரோ இரவு பதினொரு மணியோடு ஓய்ந்துவிடும். கிடைக்கிற வண்டியில் வருகிறார், மிச்ச நேரம் உட்கார்ந்திருக்கிறார். அவர் உட்கார வாசலில் நாற்காலியும் குடிநீரும் கழிப்பறையும் போதுமான அளவு வேண்டும் என்று கேட்பதை விட்டுவிட்டு, அவர் ஏன் வந்தார் என்று கேட்கிறோம்.

டிக்கெட் போட்டுத் தருகிற ஏஜென்ட்டுகளிடம் நான் கேட்பது மூன்று வரி. தமிழில், கொட்டை எழுத்தில், தாளின் தலையில்: இன்ன கிழமை இரவு விடிந்தால் இன்ன கிழமை, கவுன்ட்டர் மூடுவது இத்தனை மணிக்கு, உங்கள் ஊரில் வண்டி எடுக்க வேண்டியது இத்தனை மணிக்கு. அவர்களுக்கு ஊர் தெரியும், சாலை தெரியும், ஆளையும் தெரியும். கமிஷன் வாங்குகிறவர்கள் இதையாவது செய்யக் கூடாதா?

நான்கு நாள் கழித்து, வியாழக்கிழமை, மறுபடி கிளம்பினோம். ராகுகாலம் 1.30-க்குத் தொடக்கம், வண்டியை ஒரு மணிக்கே எடுத்தோம். யாரும் சிரிக்கவில்லை. ஆறரைக்கு மீனம்பாக்கம். டிக்கெட் இல்லாதவர்களை முனையத்துக்குள் விட மாட்டார்கள் என்பதால் வாசலிலேயே ஒரு ஓரமாக உட்கார்ந்தோம். அக்கா தயிர்சாதத்தைப் பிரித்தாள். அங்கே வெயில் எப்படி, சமையல் யார், சம்பளம் வந்ததும் முதலில் எந்தக் கடன் என்று அவளும் மகனும் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அவன் அவள் மடியில் தலைவைத்துக் கொஞ்ச நேரம் தூங்கினான். பத்து மணிக்கு எழுந்து பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். அங்கே போய் அத்தனை மணி நேரம் என்ன பண்ணுவே என்று அன்று கேட்டாரே, இதைத்தான் பண்ணினோம். அடுத்து அவள் அவனைப் பார்க்க இரண்டு வருடம் ஆயிற்று.