மரங்களுக்காகப் பேசுவோர் உண்மையையும் காக்க வேண்டும்

ஆசிரியருக்கு,

ஐதராபாத் காஞ்சா கச்சிபௌலி நிலப் பிரச்சினை பற்றிய தங்கள் கட்டுரையை முழுமையாக ஏற்கிறேன். மத்தியப் பல்கலைக்கழகத்தை ஒட்டிய அந்த 400 ஏக்கரில் 2025 மார்ச் இறுதியில் மரங்களை அகற்றப் புல்டோசர்கள் இறங்கின. ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து அதை நிறுத்தியது. அதற்குள் மரங்களோடு மரியாதையான பேச்சும் சாய்ந்துவிட்டது. அந்த அழிப்பை எதிர்த்த மாணவர்களும் பிறரும் சட்டமன்றத்திலேயே குள்ளநரிகளுக்கு ஒப்பிடப்பட்டார்கள். மறுபுறம், செயற்கை நுண்ணறிவில் உருவாக்கிய மான், மயில் படங்கள் பரவின. அங்கே உண்மையிலேயே புள்ளிமான்களும் மயில்களும் இருக்கும்போது பொய்ப்படம் எதற்கு? அது மாணவர்களின் நியாயமான கவலையையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கியது.

எங்கள் குடியிருப்போர் கூட்டத்திலும் இந்த மரியாதைக் குறைவைக் கண்டேன். "நிலம் அரசுடையது என்று தீர்ப்பு வந்திருக்கிறதே?" என்று கேட்ட முதியவரை ரியல் எஸ்டேட் ஏஜென்ட் என்றார்கள். காட்டைப் பற்றிப் பேசிய மாணவியை வளர்ச்சிக்கு எதிரி என்றார்கள். இருவரும் அதன்பின் வாய் திறக்கவில்லை. நிலம் யாருடையது என்பது ஒரு கேள்வி. அங்குள்ள காட்டை அழிக்கலாமா என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் பொறுமையான பதில் தேவை.

நகரத்துப் பசுமை நிலம் எதிலும் கைவைக்கும் முன், உரிமை ஆவணங்களையும் உயிரினக் கணக்கெடுப்பையும் தெலுங்கிலும் உருதுவிலும் வெளியிட்டு, பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துவதை அரசு கட்டாயமாக்க வேண்டும். ஊடகங்களும் எடுத்த இடமும் தேதியும் தெரியாத படங்களை வெளியிடாதிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மியாப்பூர், ஐதராபாத்