மண்டபத்துச் சாவி யார் கையில்?



நெகிரி செம்பிலானில் நான் பணியாற்றும் தோட்டத்தில் ஒரு பொது மண்டபம் இருக்கிறது. தகரக் கூரை, சிமெண்டுத் தரை, எதிரே ஒரு திடல். ஆண்டில் எத்தனை நாள் அது திறக்கப்படுகிறது என்று ஒரு நாள் குறிப்பேட்டைப் புரட்டி எண்ணிப் பார்த்தேன். கலியாணம், கருமாதி, தேர்தல் கூட்டம், திருவிழா அன்னதானம், சங்கக் கிளையின் ஆண்டுக் கூட்டம், எல்லாம் சேர்ந்து இருபது நாளைத் தாண்டவில்லை. மற்ற நாளெல்லாம் பூட்டு. பூட்டின் சாவி எங்கே? ஆபீசில், என் மேசை இழுப்பறையில்! ஆகவே குற்றச்சாட்டை என்னிலிருந்தே தொடங்குகிறேன். நான் கிராணி, சங்கத்துக்காரனும் கூட. பல ஆண்டுகள் அந்தச் சாவியின்மேல் தாள்களை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மண்டபத்தை நாள்தோறும் மாலையில் திறந்து, ஆணும் பெண்ணும் முதியோரும் உடலை அசைக்க ஓர் இடமாக்க வேண்டும் என்று கிளைக் கூட்டத்தில் சொன்னபோது சிரிப்பு எழுந்தது. "விடியுமுன் எழுந்து, நிரை நிரையாய் மரம் வெட்டி, பால் வாளி சுமந்து மேடு பள்ளம் ஏறி இறங்குகிறவனுக்கு உடற்பயிற்சியா? அதெல்லாம் தொந்தி பெருத்த துரைமாருக்கு!" என்றார் ஒரு பெரியவர். அவர் சொன்னது ஒரு காலத்தில் முழு உண்மை. இன்று?

பால் மரக் காடுகளில் பெரும்பகுதி அழிந்து செம்பனை வந்துவிட்டது. மரத்தடியிலும் குலை வெட்டிலும் இன்று நிற்பவர்களில் பலர் வெளிநாட்டுச் சகோதரர்கள். நம் பிள்ளைகள் செனவாங்குக்கும் நீலாய்க்கும் பேருந்தேறிப் போய் இயந்திரத்தின் முன் இருக்கிறார்கள். சிலர் காவல் கூண்டில், சிலர் லாரியில், என்னைப்போல் சிலர் நாற்காலியில். லயத்திலிருந்து கடைக்குப் போகவும் மோட்டார் சைக்கிள்! பால் வாளியை இறக்கி வைத்துவிட்டோம்; தட்டிலே சோற்றின் அளவை மட்டும் இறக்கவில்லை.

இதன் விலை என்ன? 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியரை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் பந்தியில் மூவர்! அதே ஆய்வு, நாட்டில் நால்வரில் ஒருவர் போதிய அளவு உடலை அசைப்பதில்லை என்றும் சொல்லிற்று.

கணக்கை விடுங்கள். எங்கள் லயத்தில் ஓர் அக்காள். முப்பது ஆண்டுகளுக்குமேல் மரம் வெட்டியவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் வாசற்படியே கதி. கால் விரலில் சிறு புண் வந்தது; ஆறவில்லை; விரலோடு நில்லாமல் பாதத்தையும் எடுத்தார்கள். பார்க்கப் போனபோது என்னிடம் சொன்னார்: "ஓடி ஓடி மரம் வெட்டின காலு தம்பி. உட்கார வச்சேன், போயிடுச்சு." அன்று மேசைக்குத் திரும்பியதும் முதலில் கண்ணில் பட்டது அந்தச் சாவிதான்.

"இனிப்பு நீர் பணக்கார நோய்" என்று இன்னும் நம்புகிறவர்கள் சென்னையில் நடந்ததைக் கேட்க வேண்டும். 1990-களின் பிற்பகுதியில் டாக்டர் வி. மோகனும் அவர் குழுவினரும் அந்நகரின் இரு குடியிருப்புகளை ஆராய்ந்தனர். ஒன்று நடுத்தர வருவாயினர் வாழ்ந்த ஆசியாட் காலனி. மற்றது குறைந்த வருவாயினர் குடியிருப்பு. முதலாவதில் நோயைப் பற்றி விளக்கக் கூட்டங்கள் நடந்தன. கேட்டவர்கள் கலைந்து போய்விடவில்லை. தாங்களே பணம் திரட்டி, குடியிருப்புக்குள்ளேயே ஒரு பூங்கா அமைத்துக்கொண்டார்கள். வாரத்தில் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் 14.2 விழுக்காட்டிலிருந்து 58.7 விழுக்காடாக உயர்ந்தார்கள்.

பத்தாண்டு கழித்து மறுபடி ஆராய்ந்தபோது என்ன தெரிந்தது? பூங்கா எழுந்த குடியிருப்பில் இனிப்பு நீர் 12.4-இலிருந்து 15.4 விழுக்காடாயிற்று. ஏழைகள் குடியிருப்பில் 6.5-இலிருந்து 15.3! பணக்காரனை விட்டு நோய் ஏழையின் வீட்டுக்குக் குடி வந்துவிட்டது. பூங்கா ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். உணவு, படிப்பு, வருவாய் எல்லாம் சேர்ந்ததுதான் உடல்நலம். ஆனால் இடமும் கூட்டுறவும் இருந்தால் மனிதர் அசைவர் என்பது உறுதியாயிற்று. அவர்கள் பணம் திரட்டி இடம் உண்டாக்கினார்கள். நமக்கோ மண்டபமும் திடலும் கண்முன்னே இருக்கின்றன. பூட்டைத் திறக்கத்தான் ஆளில்லை!

நேரம் ஏது என்பீர்கள். வயது வந்தோர் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமாவது வேக நடை போன்ற மிதமான உழைப்பில் ஈடுபட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டி. நம் நாட்டு வேலைச் சட்டம் 2023 சனவரி முதல் நாளில் வார வேலை நேரத்தை 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைத்தது. மூன்று மணி நேரம், அதாவது 180 நிமிடம்! அது கைபேசித் திரையிலா கரைவது? கணக்கு வேலைக்காரருக்கு அந்த மூன்று மணி முழுமையாய்க் கிட்டிற்றா என்பது வேறு போராட்டம்; அதையும் நாம் விடப்போவதில்லை.

இன்னொரு குரலும் கேட்கிறது: "கூலி கேட்க வேண்டிய சங்கம் குதிக்கச் சொல்கிறதே!" தோழரே, சுவர் இருந்தால்தான் சித்திரம். காலை இழந்தவனுக்கு எந்தக் கூலி உயர்வு கை கொடுக்கும்? அதே வேளை, "நடந்தால் போதும், மருத்துவ வசதி எதற்கு?" என்று எந்த நிர்வாகமாவது சொல்ல வந்தால் அதற்கும் பதில் வேண்டும். தொழிலாளருக்கு மருத்துவ வசதியும் சமூக வசதியும் அளிப்பது முதலாளியின் கடமை என்பதற்கு 1990-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மண்டபம் துரை போடும் பிச்சையன்று.

மாலையில் தோட்டத்து மக்கள் ஒன்றுகூடி உடலை உரமாக்குவது நமக்குப் புதிதுமன்று. போர் முடிந்தபின், 1946, 1947-ஆம் ஆண்டுகளில், கெடா தோட்டங்களில் எழுந்த தொண்டர் படையை நினைத்துப் பாருங்கள். அணிவகுத்துப் பயின்ற அந்த இளைஞர்கள்தாம் கள்ளுக்கடையை எதிர்த்து நின்றார்கள். நிமிர்ந்த உடலுக்குள் நிமிர்ந்த மனம் குடியிருந்தது.

எங்கள் தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கிளைக் குழு பொறுப்பேற்று எழுத்தில் கேட்டது; சாவி கைமாறியது. முதல் மாலை வந்தவர்கள் ஏழு பேர், எல்லாரும் ஆண்கள். பெண்கள் ஏன் வரவில்லை என்று கேட்டோம். "அடுப்பு யார் பார்ப்பது? ஆம்பிளைங்க வேடிக்கை பார்க்கத் திடலைச் சுத்தி ஓடணுமா?" என்றார்கள். நியாயம்தானே! அவர்களுக்கென்று மண்டபத்துக்குள் தனி நேரம் ஒதுக்கினோம். கும்மியும் கோலாட்டமும் தொடங்கின. இன்று ஆண்களைவிட அவர்களே அதிகம். சிரித்த பெரியவரும் பேரனோடு திடலைச் சுற்றி வருகிறார். இளைஞர்கள் சடுகுடு ஆடுகிறார்கள்.

மற்றக் கிளைகளுக்கு என் வேண்டுகோள் நான்கு. முதலாவது, மண்டபத்துச் சாவி கிளைக் குழுவின் கையில் இருக்கட்டும். இரண்டாவது, பெண்களுக்குத் தனி நேரம் வேண்டும்; அந்த நேரத்தில் பிள்ளைகளையும் அடுப்பையும் ஆண்கள் பார்க்கட்டும். மூன்றாவது, சுகாதார அமைச்சு 2013-இல் தொடங்கிய கோஸ்பென் திட்டம் குடியிருப்போரிலிருந்தே தொண்டர்களைப் பழக்கி, எடை, இரத்தக் கொதிப்பு, இனிப்பு ஆகியவற்றைச் சோதிக்க வழி செய்தது. இத்தகைய உதவியை அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் கேட்டுப் பெறுங்கள். இனிப்பு நீரும் நெஞ்சு நோயும் உள்ளவர்கள் அங்கே ஆலோசனை கேட்டபின் தொடங்கட்டும். நான்காவது, வங்காளதேசத்தாரையும் இந்தோனேசியரையும் திடலுக்கு அழையுங்கள். ஒரே காட்டில் உழைப்பவர்கள் ஒரே திடலில் ஆடக்கூடாதா?

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்று பள்ளியில் எழுதிப் பழகினோம். அந்தச் செல்வத்தை எந்த முதலாளியும் மாதச் சம்பளத்தோடு சேர்த்துத் தரப்போவதில்லை. உங்கள் தோட்டத்து மண்டபத்தின் சாவி எந்த இழுப்பறையில் தூங்குகிறது? நாளைக் காலையே போய்க் கேளுங்கள்!

— ஒரு தோட்டக் கிராணி