பற்றரியை உண்ணும் கள்வன் எங்கே?

புதுப் பற்றரி பூட்டி ஆறு மாதமும் ஆகவில்லை. விடியற்காலையில் சாவியைத் திருப்பினால் வண்டி ஒருமுறை முனகிவிட்டு ஓய்ந்துவிடுகின்றது. வாசக நேயர்களுட் பலர் இத்துன்பத்தை அறிவர். "பற்றரி போய்விட்டது, வேறு வாங்குங்கள்" என்பதே கடைத்தெருவில் எளிதாகக் கிடைக்கும் ஆலோசனை. ஒலுவில் துறைமுகத்தில் மீன் ஏற்றும் சிறு லொறியொன்றின் சொந்தக்காரர் அவ்வாலோசனைப்படி ஓராண்டில் இரண்டு பற்றரிகள் வாங்கினார். மீன் பனிக்கட்டியிற் கிடக்க, வண்டி கிளம்பாத காலைகளில், கல்முனைச் சந்தையில் விலை அவருக்காகக் காத்திருக்கவில்லை. மூன்றாவது பற்றரிக்குக் கடன் வாங்குமுன் நம்மிடம் வந்தார். "சேர், நீங்க பௌதிகம் படிப்பிக்கிற ஆள். ஒரு வழி சொல்லுங்க" என்றார்.

டென்மார்க்கின் கடனுதவியோடு 2008இல் தொடங்கி 2013இல் திறக்கப்பட்ட அத்துறைமுகத்தின் வாய் மணலால் தூர்ந்த கதை நாடறிந்தது. கரையோரமாக வடக்கே நகரும் மணலை அலைதடுப்புக் கற்கள் மறித்தன. வடபுறக் கரையைக் கடல் அரித்தது. நுழைவாயிலிலோ மணல் குவிந்தது. படகு வெளியேற இயலாத நாள்களில் லொறியும் ஓய்ந்து நிற்கும். ஓடாத வண்டியின் பற்றரிக்கு வரவில்லை, செலவு மட்டுமே உண்டு. அதுதான் காரணமோ? கணக்குப் பார்ப்போம். நிறுத்திய வண்டியில் இயல்பாகக் கசியும் மின்னோட்டம் 0.05 அம்பியர் எனக் கொண்டாலும், நாளொன்றுக்கு 1.2 அம்பியர்-மணி. 70 அம்பியர்-மணிப் பற்றரி இதனைப் பல நாள் தாங்கும். மூன்றே நாளிற் சாவதற்கு இது போதாது.

அடுத்து உப்புக்காற்றை ஐயுற்றோம். பற்றரியின் மேற்புறத்தில் படியும் ஈர உப்பும் அமிலமும் இரு முனைகளுக்குமிடையே மெல்லிய பாதை அமைத்துவிடும். அப்பச் சோடா கரைத்த நீரால், அறைகளுள் ஒரு துளியும் புகாவண்ணம், துடைத்துக் காயவிட்டோம். பயனில்லை.

பின்னர் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, முனைக்கும் கம்பிக்கும் நடுவே பல்மானியைத் தொடராக இணைத்தோம். (அந்நிலையில் எஞ்சினைக் கிளப்ப எவரும் முயலற்க, கருவி எரிந்துபோம்.) யாவும் அணைந்திருக்கக் காட்டியது 0.83 அம்பியர்! மூன்று நாளில் ஏறத்தாழ 60 அம்பியர்-மணி. கள்வன் உள்ளேதான் இருக்கிறான். உருகிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிவந்தோம். ஐந்தாவதைக் கழற்றியதும் அளவு 0.03க்கு வீழ்ந்தது. அவ்வுருகி உள்விளக்குகளுக்குரியது.

"விளக்கு ஒன்றும் எரியல்லியே சேர்!" என்றார் அவர். "காக்கா, மீன் பெட்டிக்குள்ளே பார்த்தீர்களா?" என்றோம். அவர் மகனைப் பெட்டியினுள் ஏற்றிக் கதவைச் சாத்தினோம். உள்ளிருந்து குரல் வந்தது: "வாப்பா, லைற் எரியுது!"

கதவு சாத்தும்போது விளக்கை அணைக்க வேண்டிய சிறு பொத்தான், மீன்நீரிலும் கடற்காற்றிலும் துருவேறி இறுகிவிட்டது. ஐந்து வாற்று விளக்குகள் இரண்டு, மூடிய இருட்டுக்குள் இராப்பகலாக எரிந்திருக்கின்றன. பொத்தானின் விலையை இங்கே எழுத நமக்கே கூச்சமாயிருக்கிறது.

முந்திய பற்றரிகள் மாண்டதும் இதனாலேயே. 1859இல் பிரான்சின் பிளான்ரே ஈயத் தகடுகளைக் கொண்டு ஆக்கிய மின்கலத்தின் வழித்தோன்றலே நம் பற்றரி. அது முற்றும் வறண்டு பன்னாள் கிடந்தால், தகடுகளிற் படியும் ஈய சல்பேற்று கெட்டிப்பட்டுவிடும். பிறகு எவ்வளவு மின்னேற்றினும் பழைய வலிமை திரும்பாது. வறண்ட பற்றரியை அன்றைக்கே மின்னேற்றுவது இதனாற்றான் நன்று.

எந்த உருகியைக் கழற்றியும் அளவு குறையாத வண்டிகளும் உண்டு. அங்கே ஆல்ரனேற்றரின் டயோட் பழுதுபட்டு, மின்னோட்டத்தைப் பின்வழியாக ஒழுகவிடுவதாயிருக்கலாம். அதன் தடித்த கம்பி பல வண்டிகளில் இச்சிறு உருகிகளின் வழியே செல்வதில்லை. பற்றரியின் எதிர்முனையைக் கழற்றிய பின்னரே அக்கம்பியிற் கை வைக்க வேண்டும். அதனை நீக்கிக் காப்பிட்டு, பல்மானியை மீண்டும் தொடுத்தபோது அளவு வீழ்ந்தால், பழுது அங்கேதான்.