கடன் வாங்க வேண்டியது ஆய்வுமுறையை, அடவை அன்று

வாட்போர்க் கலை பற்றி எழுதுவோரிடம் அண்மைக்காலமாக ஒரு வாதம் வேரூன்றி வருகிறது. இந்திய வாள்களுக்குப் பயிற்சி நூல்கள் அரிது; ஐரோப்பாவிலோ 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபியோரே, 1536இல் மரோட்சோ, 1610இல் கப்போ ஃபெரோ என நூல்கள் தொடர்ந்து கிடைக்கின்றன; மனித உடலும் இயற்பியலும் எங்கும் ஒன்றே; ஆகவே ஐரோப்பிய அடவுகளைத் தல்வாருக்கும் சுருள்வாளுக்கும் பொருத்திக்கொள்ளலாம் என்பதே அவ்வாதம். கேட்பதற்கு எளியது, அடிப்படையில் பிழையானது.

தல்வாரின் பிடி குட்டையானது. அதன் முடிவில் அகன்ற வட்டத்தகடு உண்டு. சேபரைப் போல அலகைக் கையின் நேர்கோட்டில் நீட்ட முயன்றால் அத்தகடு மணிக்கட்டில் முட்டும். ஆகவே வெட்டு தோளிலிருந்தும் முழங்கையிலிருந்தும் பிறக்கிறது. எதிரியின் வெட்டைப் பெரும்பாலும் கேடயமே ஏற்கிறது. வாளால் வாளைத் தடுப்பதை மையமாகக் கொண்ட சேபர் நூல் இங்கு எதைக் கற்பிக்கும்? வளைந்து துவளும் சுருள்வாளிலோ 'தடுப்பு' என்ற சொல்லே பொருளிழக்கிறது.

இதற்கு ஐரோப்பியர் ஒருவரே சாட்சி. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய கேப்டன் லூயிஸ் நோலன், குதிரைப்படை பற்றி 1853இல் வெளியிட்ட நூலில் நிசாமின் குதிரைவீரர்களைக் குறிப்பிடுகிறார். ஆங்கிலேயப் படை கழித்துவிட்ட பழைய அலகுகளுக்கு அவர்கள் இந்தியப் பிடி பொருத்தினர். சவரக்கத்தியின் கூர்மைக்குத் தீட்டினர். இரும்பு உறையைத் தவிர்த்து மர உறையில் காத்தனர். ஆங்கிலேயருக்கு உதவாமற்போன எஃகு அவர்கள் கையில் அஞ்சத்தக்க ஆயுதமாயிற்று. அலகு ஐரோப்பாவினது, வீச்சு தக்காணத்தினது.

ஐரோப்பிய மரபை மீட்டெடுப்போரும் இப்பிழையைச் செய்வதில்லை. இருகை நீள்வாளுக்கான ஃபியோரேயின் பாடத்தைக் கப்போ ஃபெரோவின் ஒருகை மெல்வாளுக்கு அவர்கள் அப்படியே ஏற்றுவதில்லை. உரிய எடையும் நீளமும் கொண்ட படியை உருவாக்கி, பாடத்தின் ஒவ்வொரு வரியையும் கையில் பிடித்துச் சோதிக்கிறார்கள். போற்றத்தக்கது அந்த ஒழுக்கம். அதை விட்டுவிட்டு அடவை மட்டும் இறக்குமதி செய்வது, இலத்தீன் இலக்கணத்தின் அச்சில் தமிழை வார்க்க முயன்ற பழைய பிழையின் மறுபிறப்பு.

கோலார் தங்கவயலுக்கு இப்பாடம் புதிதன்று. 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தின் வழியே கார்ன்வால் சுரங்க அனுபவம் அங்கு வந்தது, பயனும் தந்தது. ஆனால் ஆழம் கூடக்கூட அச்சுறுத்திய பாறைவெடிப்புக்கு விடையைத் தங்கவயலின் பாறையிடமே தேட வேண்டியிருந்தது. அச்சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. அதில் உழைத்தோரின் கையறிவு ஏட்டில் ஏறாமலே அவர்களோடு மறைந்து வருகிறது.

சிலம்ப ஆசான்களின் உடலறிவுக்கும் அக்கதி நேரலாகாது. நூல் இல்லாமையைக் கலை இல்லாமைக்குச் சான்றாகக் கொள்வது ஆய்வாளரின் சோம்பல். வாழும் ஆசானின் கால்வைப்பைப் படம்பிடியுங்கள். அவர் வழங்கும் சொற்களைத் தொகுங்கள். அருங்காட்சியக வாள்களின் பிடியையும் எடையையும் அளந்து பதியுங்கள். மரோட்சோவின் நூல் ஐந்நூறு ஆண்டுகளாகக் காத்திருக்கிறது, இன்னும் காத்திருக்கும். முதிய ஆசான்களுக்கு அவ்வளவு காலம் இல்லை.